பல்லில்லாத நாய்க்குப் போட்ட பல்

மலையூரான அத்-பாஷியிலிருந்து நாரின் நகரத்துக்கு வேன் ஓட்டும் மம்பெத்துக்கு எதையும் ஆற அமரச் செய்து பழக்கமில்லை. ஏறவேண்டியவரைத் தேநீர்க் கடையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பி, பாதி வழியில் நினைவு வந்து வண்டியைத் திருப்புவான். சொந்தக் கல்யாணத்திலேயே மைத்துனன் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றவன். இந்த அவசரத்தால் யார் குடியும் அதுவரை கெட்டதில்லை. மகள் அய்தையின் பல் விஷயத்தில்தான் வகையாக மாட்டிக்கொண்டான்.

ஏழு வயதில் அவளுக்கு மேல்வரிசை முன்பல் விழுந்தது. விழுந்த பல்லைச் செம்மறி வால் கொழுப்பில் பொதிந்து நாய்க்குப் போடவேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நாயின் பல் எப்படியோ, பிள்ளைக்கும் அப்படியே முளைக்கும் என்பார்கள். மனைவி உம்சுனை பொதிந்து கையில் கொடுத்தாள். மேல்தெருவில் ஓநாய் விரட்டும் நாய்கள் கிடந்தன. அவ்வளவு தூரம் யார் போவது? வண்டியில் ஆட்கள் வேறு காத்திருந்தார்கள். வாசலில் படுத்திருந்த அக்தோஷ் முன்னால் போட்டுவிட்டு ஓடினான். அக்தோஷ் கிழட்டு நாய். ஊறவைத்த ரொட்டியைத்தான் தின்னும், ஏனென்றால் அதன் வாயில் பல்லே கிடையாது.

அன்று யாரும் கவனிக்கவில்லை. மகளுக்கு ஒன்பது வயதாகியும் அந்த இடம் காலியாகவே கிடந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. மம்பெத்தின் அக்கா அனார்குல் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"எந்த நாய்க்குடா போட்டே?"

"அக்தோஷுக்கு."

"அட புத்திகெட்டவனே. பல்லே இல்லாத நாய்கிட்ட போய்ப் பல்லு கேட்டியா? அது எங்கேருந்துடா குடுக்கும்?"

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "அண்ணே, அடுத்த பல்லைக் கோழிக்குப் போட்டுறாதீங்க" என்று வேனில் ஏறுகிறவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மம்பெத்தும் சேர்ந்து சிரித்துவைத்தான். அய்தை மட்டும் சிரிப்பதையே விட்டுவிட்டாள். வீடு அதிரச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது உதட்டை இறுக்கிக்கொண்டு, பேசும்போதுகூட வாயைக் கையால் மறைத்தாள்.

"அன்னிக்கு உனக்கு மேல்தெரு வரைக்கும் நடக்க முடியலையாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அன்றிலிருந்து மம்பெத் மகளின் சிரிப்பைத் தானே நாய்க்குப் போட்டுவிட்டதாக நம்பினான். இரவில் தூக்கம் வராமல் புரண்டான். பரிகாரமாக மேல்தெரு நாய்களுக்கு நல்ல நல்ல கறித்துண்டாகக் கொண்டுபோய்ப் போட்டான். நாய்கள் கொழுத்தன, பல் வரவில்லை.

"நாயைப் பாத்தது போதும், டாக்டரைப் பாப்போம்" என்றாள் உம்சுனை. மூவரும் நாரினுக்குப் போனார்கள்.

பல் டாக்டர் ஜீபெக் எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "பல்லு இல்லாம இல்ல. பாருங்க, மேல முழுசாத் தயாரா நிக்குது. அதுக்குக் கீழ ஆணி மாதிரி ஒரு குட்டிப் பல்லு தெரியுதா? அது தேவையில்லாத ஒண்ணு. கூடுதலா முளைச்சு, இறங்கவிடாம மறிக்குது."

மம்பெத் படத்தை உற்றுப் பார்த்தான். "வாசல்ல எவனோ குறுக்கே வண்டிய நிறுத்திட்டுப் போன மாதிரி."

"அதேதான். அத எடுத்துட்டா பெரும்பாலும் தானா இறங்கிரும். இறங்கலேன்னா கம்பி கட்டி இழுக்கலாம்."

"அப்போ, நாய்மேல தப்பில்லையா?"

உம்சுனை கதையைச் சொல்லி முடிப்பதற்குள் ஜீபெக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். "நாய் என்ன பண்ணும், பாவம். குடுத்தத தின்னுச்சு. இது சில குடும்பத்துல வழிவழியா வரும். நீங்க கொஞ்சம் வாயத் திறங்க, அண்ணே."

திறந்தான். கண்ணாடியை உள்ளே விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். "முன்பல்லுக்குப் பின்னால, அண்ணத்துல இருக்கே, அது எவ்வளவு காலமா இருக்கு?"

"அதுவா? விதைப் பல்லு. சூரியகாந்தி விதைய அதுல நிறுத்தித்தான் உடைப்பேன். எல்லாருக்கும் இருக்குமே."

"யாருக்கும் இருக்காது, அண்ணே."

மம்பெத் நம்பவில்லை. உம்சுனையிடம், "உனக்கு இல்லையா?" என்று கேட்டான்.

"எனக்கு எதுக்கு அது?" என்று அவனுடைய வாய்க்குள் குனிந்து பார்த்தாள். "இத்தனை வருஷமா இத வெச்சுக்கிட்டா இருந்தீங்க? முன்னாடியே தெரிஞ்சிருந்தா, நாய்க்குப் போட்ட கறியையாவது நாங்க தின்னிருப்போம்."

அய்தை நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, அப்பாவின் தாடையைப் பிடித்து அண்ணாந்து பார்த்தாள். "எனக்கு உன்கிட்டேருந்துதான் வந்துச்சா?"

"ஆமாடா கண்ணு. நாய் இல்ல. நான்தான்."

திட்டுவாள் என்று பயந்து நின்றான். அவள் டாக்டரிடம் திரும்பி, "அப்போ என்னோடத எடுத்துட்டா நான் விதை உடைக்க முடியாதா?" என்று கேட்டாள். அவளுடையது எலும்புக்குள் புதைந்திருப்பதால் ஒரு விதையும் உடைக்க உதவாது என்று ஜீபெக் பொறுமையாக விளக்கினாள். அடுத்த வாரம் எடுப்பதென்று முடிவாயிற்று.

திரும்பும் வழியில் அய்தை வேன் முழுவதற்கும் சேதி சொன்னாள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் புதிதாக ஏறியவருக்கு முதலிலிருந்து சொன்னாள். "அப்பா, காட்டு" என்பாள். அவன் பின்னால் திரும்பி வாயைத் திறப்பான். கிழவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு கட்டத்தில் வெட்கம் தாளாமல் வாயை இறுக மூடிக்கொண்டான்.

"அப்பாவுக்கு வெக்கமா இருக்காம்" என்று அய்தை சிரித்தாள். வாயை மறைக்கும் கை மடியிலேயே கிடந்தது. முன்பல் வரிசையில் அந்தக் காலி இடம் அப்படியே பளிச்சென்று தெரிந்தது. மம்பெத் வண்டிக் கண்ணாடியில் அதைப் பார்த்தான். அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மாள் ஏறி உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலேயே பின்னால் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து காட்டினான்.