பத்தாவது பின்

குவைத், மங்காஃப். 2006 மார்ச் 10, வெள்ளி, பிற்பகல் 4.10. பௌலிங் கூடத்தில் முருகேசனோடு நிற்கிறேன். அறந்தாங்கிக்காரர். உருட்டிவிடும் பந்து சாய்க்கும் ‘பின்’ எனும் பத்துக் கட்டைகளை மறுபடி எடுத்து நிறுத்தும் இயந்திரங்களை, பாதைகளின் பின்புறம் இருந்து ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். நாளை ஊருக்கே திரும்புகிறார். முன்பக்கம் நின்று ஒருமுறைகூட உருட்டியதில்லை. இன்று மேனேஜர் இரண்டு பந்துகளுக்கு அனுமதி தந்திருக்கிறார்.

“அந்தக் காலத்துல இந்தப் பின்னையெல்லாம் ஆளுங்கதான் கையால நிறுத்துனாங்க. போன நூற்றாண்டு நடுவுலதான் மெஷின் பரவுச்சு” என்கிறேன்.

“இப்ப மட்டும் என்ன சார்? அது மக்கர் பண்ணுனா நாந்தானே உள்ள குனியணும்!”

அவர் உருட்டும் முதல் பந்தில் ஒன்பது சாய்கின்றன. வலது ஓரத்தில் ஒன்று மட்டும் அசையாமல் நிற்கிறது. முருகேசன் இரண்டாவது பந்தை எடுக்கிறார். உடனே, ஒரு குடும்பம் ஆடிக்கொண்டிருக்கும் பக்கத்துப் பாதையை நோக்கிக் காதைத் திருப்புகிறார்.

“பெல்ட்டு சத்தம் சரியில்ல. புடிங்க சார்.”

பந்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்புறம் ஓடுகிறார். கனமான பந்தோடு உட்கார்ந்திருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து, கையெல்லாம் கிரீஸாக வருகிறார்.

“நிக்குதா சார், அது?”

“நிக்குது. யாரையும் கிட்ட விடல.”

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பந்தை வாங்குகிறார்.