ஏலவார்குழலியின் மடிப்பு வேலை

ஏலவார்குழலிக்கு வாய் நீளம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் அவள் கையைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீட்டில் பிறந்து, அதே பேட்டையில் இன்னொரு நெசவு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். வயது நாற்பத்திரண்டு. கணவர் உதயகுமார் தறியிலிருந்து அறுத்து இறக்கும் பட்டுப் புடவையை முதலாளியிடம் கொண்டு போகும் முன் மடித்துக் கொடுப்பது அவள்தான். அவள் மடித்தால் பார்டர்மேல் பார்டர் உட்கார்ந்து, நடுவில் மயிரிழை இடைவெளி தெரியாது. இதற்காக அவளை யாரும் பாராட்டியதில்லை. சோறு வடிக்கிறவளை யார் பாராட்டுகிறார்கள்?

பாராட்டு வெளியிலிருந்து வந்தது. அவளுடைய அக்கா மகள் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய ஏஞ்சல் வந்திருந்தாள். செவிலிமேட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பெண். முப்பது வயதுக்குள் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள். அவளும் அவளோடு வந்த இரண்டு பெண்களும் முகூர்த்தப் புடவையோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். புதுப் பட்டு, கனமான ஜரிகை, வைத்த கொசுவம் வழுக்கி வழுக்கி விழுந்தது. ஐயர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். ஏலவார்குழலிக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளும்மா கொஞ்சம்" என்று உள்ளே நுழைந்தவள், வாசலில் நாயனக்காரர் ஒரு பாட்டு வாசித்து முடிப்பதற்குள் கட்டி முடித்துவிட்டாள்.

ஏஞ்சல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இத்தினி நாளா இத சும்மாவா செஞ்சிக்கினு இருக்கீங்க?"

இப்போதெல்லாம் கல்யாணப் புடவையை இரண்டு நாள் முன்னாலேயே கொசுவம் வைத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி, பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். காலையில் எடுத்துச் சுற்றினால் ஐந்தே நிமிடம். பெரிய ஊர்களில் இதை வைத்தே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், இந்த ஊரில் எனக்குத் தெரிந்து நல்ல கை ஒன்றும் இல்லை, நீங்கள் செய்தால் நான் புடவை அனுப்புகிறேன் என்றாள் ஏஞ்சல்.

வீட்டில் முன்னறை காலியாக இருந்தது. உதயகுமாரின் தம்பி தனிக்குடித்தனம் போகும்போது தன் தறியையும் எடுத்துப் போயிருந்தார். அந்த இடத்தில் தானே இரண்டாவது தறி இறக்க வேண்டும் என்று உதயகுமார் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் முடிவாகப் பேசுவார்.

"தை பொறந்திருக்குது. ஐப்பசி வரைக்கும் ரூம வெச்சிக்கோ. ஓடினா ஓடட்டும். ஓடலன்னா தறிய இறக்கிடுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கக் கூடாது."

ஏலவார்குழலி சரி என்றாள். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. எல்லா வீட்டிலும் தறிக்குத்தான் அறை, மனிதர்கள் மிச்சம் இருக்கிற இடத்தில் படுத்துக்கொள்வார்கள். எப்படியாவது அந்த அறையைக் கையை விட்டுப் போகவிடக் கூடாது என்று அன்றே அவள் மனதுக்குள் முடிந்துகொண்டாள்.

எடுத்த எடுப்பில் கடன் வாங்கிக் கடை போடவில்லை. ஒரு நீள மேசை, ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி, நாலு டஜன் கிளிப், அவ்வளவுதான். முதலில் தெருப் பெண்களுடையதும் தன்னுடையதுமாகப் பத்துப் புடவைகளைக் காசில்லாமல் மடித்தாள். கற்றுக்கொள்ள வேண்டியதை எல்லாம் அந்தப் பத்திலேயே கற்றுக்கொண்டாள். சூட்டை ஜரிகைமேல் நேரே வைத்தால் பளபளப்பு செத்துவிடும், நடுவில் பழைய வேட்டித் துணி வேண்டும் என்பது மூன்றாவது புடவையில் தெரிந்தது. அது அவளுடைய புடவைதான், பிழைத்தாள். இடுப்பளவும் உயரமும் கேட்டால் போதாது, பெண் எவ்வளவு உயரச் செருப்பு போடப் போகிறாள் என்றும் கேட்க வேண்டும் என்பது ஏழாவதில் தெரிந்தது. அந்தப் பெண் கல்யாண வரவேற்பில் கணுக்கால் தெரிய நின்றாள்.

கூலி சொல்வதுதான் வரவே இல்லை. நெசவு வீட்டில் கூலியை முதலாளி சொல்வார், இவர்கள் தலையாட்டுவார்கள். பரம்பரைப் பழக்கம். "எவ்ளோம்மா?" என்று கேட்டால் "பாத்துக் குடுங்க" என்பாள். ஓர் அம்மாள் பார்த்து ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போனார். ஏஞ்சல் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, கூலியை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டாள். அதன் பிறகு யார் கேட்டாலும் ஏலவார்குழலி வாயைத் திறக்காமல் சுவரைக் காட்டினாள். எல்லாவற்றிலும் இப்படி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

வைகாசியில் முகூர்த்தம் குவிந்தது. பத்துப் புடவை வந்தால் எட்டு ஏஞ்சல் அனுப்பியதாக இருக்கும். அப்படி வந்தவர்தான் மங்கையர்க்கரசி. மகளுக்கு இரண்டு நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக் கொடுத்த கூறைப்புடவையைத் தூளியில் இருக்கும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி மேசைமேல் வைத்தார். அரக்கில் பச்சை பார்டர்.

"சம்பந்தி வூட்ல பெரிய மனசும்மா. சுத்தமான கோர்வையாம். ஊரெல்லாம் தேடி எடுத்தாங்களாம்."

கோர்வை என்றால் உடலுக்கும் பார்டருக்கும் குறுக்கு நூலைக் கொண்டு போகும் நாடாவைத் தனித்தனியாக ஓட்டி, இரண்டையும் கையால் கோத்துக்கொண்டே வருவது. இரண்டு பேர் உட்கார வேண்டும். நெசவு வீட்டுக்காரர்கள் யாராக இருந்தாலும் புடவை கைக்கு வந்ததும் முகப்பைப் பார்க்க மாட்டார்கள், பார்டரைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார்கள். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி அது தானாக நடக்கும். ஏலவார்குழலியும் புரட்டினாள். அரக்கு நூல் பச்சைக்குள் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"கோர்வையா? யார் சொன்னது? ஒத்த நாடா ஓடியிருக்குதும்மா. நல்லா ஏமாத்தியிருக்காங்க."

சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. மங்கையர்க்கரசி புடவையை வைத்துவிட்டு நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனார். மலிவுப் புடவையைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று இவர் கேட்க, எங்களைப் பொய்யர் என்கிறீர்களா என்று அவர்கள் கேட்க, பெரியவர்கள் நடுவில் வந்து ஒருவழியாக ஓய்ந்தது. கல்யாணம் நடந்தது. ஆனால் பந்தியில் இரண்டு வீட்டாரும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் ஏஞ்சல் வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, நீங்க மடிக்க வந்தீங்களா, எட போட வந்தீங்களா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"யாரு பொய் சொல்லச் சொன்னா? அவங்க கேக்கவே இல்லியே. எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா நீங்க சொல்லணும். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது சொன்னா, அந்தம்மா அத வெச்சிக்கினு இன்னா பண்ணும்? அந்தப் பொண்ணு புடவைய பீரோல போட்டுப் பூட்டிட்டா. இனிமே தொட மாட்டாளாம். கல்யாணப் புடவக்கா அது."

ஏஞ்சல் போய்விட்டாள். அவளோடு பத்தில் எட்டும் போயிற்று.

இரண்டு நாள் ஏலவார்குழலி அவளைத் திட்டித் தீர்த்தாள். மூன்றாம் நாள், பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் அந்த அரக்குப் புடவை ஞாபகத்துக்கு வந்தது. தன் கல்யாணப் புடவையை இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி எடுத்து மோந்து பார்க்கிறவள் அவள். நான் எந்தக் கடையையும் திருத்தவில்லை, ஒரு பெண்ணின் ஆசையைத்தான் கெடுத்தேன் என்று தன் வாயாலேயே உதயகுமாரிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார்.

ஆடி வந்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லை. வேலையும் இல்லை. ஒரு மத்தியானம் உதயகுமார் டேப்பை எடுத்து வந்து முன்னறையின் நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். இவள் சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகக் கழுவினாள்.

வேலை இல்லாத மாதம்தான் வேலை தேடுகிற மாதம் என்பது அப்போது உறைத்தது. ஒரே ஆளை நம்பி உட்கார்ந்திருந்தது தன் தப்பு என்றும் உறைத்தது. ஒரு மாதிரிப் புடவையைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு நான்கு கல்யாண மண்டபத்துக்கும் இரண்டு போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் புவனேஸ்வரி படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். ஆவணிக்கு ஆறு புடவை உறுதியானது. புடவை கொண்டு வருகிறவர்கள் முன்னால் ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கமும் அந்த மாதம்தான் வந்தது. நாக்கு எழும்போதெல்லாம் கிராம்பு சுருக்கென்று உறைக்கும். உயரம், இடுப்பு, செருப்பு, என்றைக்கு வேண்டும், இந்த நாலு கேள்விக்கு மேல் பேசுவதில்லை.

பிறகு ஒருநாள் டவுன் பஸ் ஏறிச் செவிலிமேட்டுக்குப் போனாள். பார்லரில் கூட்டம். நின்றுகொண்டே சொன்னாள்.

"தப்பு என்னுதுதான் ஏஞ்சல். வேல குடுன்னு கேக்க வரல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஏஞ்சல் முகம் கொடுத்துப் பேசவில்லை. காபி மட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

ஆவணி கடைசியில், முன்னறிவிப்பு இல்லாமல் ஓர் அம்மாளை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். திருமுக்கூடல் பக்கத்துக்காரர், பெயர் செல்லியம்மாள், ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். மகள் சுகாசினிக்கு மூன்று நாளில் கல்யாணம். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே தயங்கினார்.

"நீங்க புடவையப் பாத்து இன்னாவோ சொல்லுவீங்களாம். எல்லாரும் சொன்னாங்க."

ஏலவார்குழலிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூன்று மாதம் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை. "ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா. குடுங்க."

"பழசுதாம்மா இது. மாப்பிள்ளையோட அம்மா அவங்க கல்யாணத்துல கட்டினது. புதுசு எடுக்க அவங்களுக்குத் தோது இல்ல. நாங்களும் கேக்கல. ஆனா சொந்தக்காரங்க நாக்கு மேல பல்லு போட்டுப் பேசுவாங்க. பழசுன்னு தெரியாத மாதிரி மடிச்சிக் குடுத்தா போதும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏஞ்சல் சுவரோரமாகக் கைகட்டி நின்றாள். ஏலவார்குழலி புடவையை மேசைமேல் விரித்தாள். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். கை தானாகப் பார்டரைப் புரட்டியது. அடிப்பக்கம் இரண்டு நிறமும் ஒன்றையொன்று கவ்வி, தலையிலிருந்து கடைசி வரை எறும்பு வரிசைபோல ஒரு மேடு. மூன்று நாடா. இரண்டு பேர் உட்கார்ந்து, அவசரப்படாமல் நெய்தது. முப்பது வருடத்து ஜரிகை, கையில் கனத்தது, கறுக்கவில்லை. வருடா வருடம் யாரோ மடிப்பை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில்கூட நைந்திருக்கவில்லை.

நாக்கு எழுந்தது. கிராம்பு உறைத்தது. யாரும் கேட்கவில்லை. ஏஞ்சல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம்தான். வாயை மூடிக்கொண்டு மடித்துக் கொடுத்தால் அறை மிஞ்சும்.

ஆனால் எதிரே நிற்கிறவர் இந்தப் புடவைக்காக வெட்கப்படுகிறார். அதுதான் தாங்கவில்லை. ஏலவார்குழலி கிராம்பை எடுத்துச் சன்னல் கட்டையில் வைத்தாள்.

"அம்மா, இந்தப் புடவையப் பத்தி ஒண்ணு சொல்லணும். சொல்லட்டுமா, வேணாமா? வேணாம்னா மடிச்சிக் குடுத்துட்றேன்."

செல்லியம்மாள் ஏஞ்சலைப் பார்த்தார். ஏஞ்சல் தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றார், அடி விழப்போகிறது என்பதுபோல.

அவர் விரலைப் பிடித்து அந்த மேட்டின்மேல் வைத்தாள் ஏலவார்குழலி. "தெரியுதா? இதான் கோர்வை. இத மறைக்கச் சொல்றீங்களே. இப்ப இந்த மாதிரி வேணும்னா தறிக்காரங்கிட்ட சொல்லி வெச்சிக் காத்துக்கினு இருக்கணும். உங்க சம்பந்தியம்மா வூட்ல இருக்கறதுலயே நல்லத எடுத்து உங்க பொண்ணுக்குக் குடுத்திருக்காங்க. முப்பது வருஷமா பத்திரமா வெச்சிருந்து குடுத்திருக்காங்க."

செல்லியம்மாள் விரலை எடுக்கவில்லை. மேட்டைத் தடவிக்கொண்டே போனார், திரும்பி வந்தார். "அந்தம்மா ஒண்ணும் சொல்லவே இல்லியே" என்றார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதார். அது நல்ல அழுகை, ஏலவார்குழலி தடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு சின்ன மண்டபம். மடிப்பு எப்படி நிற்கிறது என்று பார்க்கும் ஆசையில் போனாள். போய்ப் பார்த்தால், மணமேடைக்குப் போகும் முன்பே செல்லியம்மாள் சுகாசினியை நடுக்கூடத்தில் நிறுத்தி, வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் பார்டரைப் புரட்டிப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "எங்க சம்பந்தியம்மா கூறை. கைய வெச்சிப் பாருங்க. மேடு தெரியுதா?" பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா கூச்சத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், ஏலவார்குழலி இரண்டு மணி நேரம் நின்று வைத்த கொசுவம் அத்தனையும் கலைந்து சரிந்திருந்தது.

"ஐயோ, என் மடிப்பு" என்றபடி ஓடி முழந்தாளிட்டாள். கூட்டம் சூழ்ந்து நிற்க, எல்லோர் எதிரிலும் முதலிலிருந்து வைத்து முடித்தாள். இஸ்திரித் தடம் அப்படியே இருந்தது, ஐந்து நிமிடம். சுற்றி நின்ற பெண்களில் மூன்று பேர் அங்கேயே நம்பர் வாங்கிக்கொண்டார்கள். நான்காவதாக ஏஞ்சல் வந்தாள். "அக்கா, புரட்டாசி போனா ஐப்பசில எனக்கு ஒன்பது கல்யாணம். ரூம் இருக்குமில்ல?" என்று கேட்டாள்.

ஐப்பசி முதல் தேதி உதயகுமார் டேப்போடு வந்தார். முன்னறையில் நாலு புடவைப் பெட்டி அடுக்கியிருந்தது, இன்னொன்று மேசைமேல் விரிந்திருந்தது. நின்று பார்த்தார். பிறகு டேப்பை அவளிடமே கொடுத்துவிட்டு, விரித்திருந்த புடவையின் பார்டரைப் புரட்டினார்.

"அவங்க கேக்கல" என்றாள் ஏலவார்குழலி.

உதயகுமார் பார்டரை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டுத் தறிக்குப் போனார்.