செல்வி கேட்ட கேள்வி

என் மர்மத்தொடரின் கடைசி அத்தியாயத்தை அனுப்பும் முன் வாசித்துப் பார்த்தேன். "அவன் அநாதை இல்லத்துல வளர்ந்தவன் சார், வேற என்ன வேணும்?" என்கிறார் இன்ஸ்பெக்டர். கேஸ் முடிந்தது. சட்டென்று ஊதா ஸ்கெட்ச் பேனாவின் வாசனை அடித்தது.

நீடாமங்கலத்தில் எட்டாம் வகுப்பு. கையெழுத்துப் பத்திரிகைக்காக அவசர அவசரமாக ஒரு கொலைக்கதை எழுதினேன். வகுப்பிலேயே அழகான கையெழுத்து செல்வியுடையது. படியெடுக்க அவளிடம் கொடுத்தேன். அவள் ரயிலடிப் பக்கத்து அநாதை ஹோமில் வளர்ந்தவள். என் கதையின் கொலைகாரியும் ஹோம் பெண்தான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

நாக்கைக் கடித்துக்கொண்டு, ஊதா ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பிழையில்லாமல் எழுதி முடித்தாள்.

"இவ ஏன்டி கொன்னா? நீ எழுதவே இல்லையே."

"ஹோம்ல வளர்ந்தவடி. படிக்கிறவங்களுக்கே புரிஞ்சிடும்."

"எனக்குப் புரியலையே" என்று பேனாவை மூடினாள்.

பத்திரிகை வகுப்பைச் சுற்றி வந்ததும் எல்லோரும் அவளைக் 'கொலைகாரி' என்று கூப்பிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது இன்ஸ்பெக்டரின் அந்த வரியை அழித்துவிட்டேன். அழித்த பிறகு பார்த்தால், என் கொலைகாரனுக்குக் கொல்ல ஒரு காரணமும் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் நான் அதை எழுதவே இல்லை.