மாதா படம் போட்ட பை

எழுத்தை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவள் நான். தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு கடை போட்டேன். கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், தாம்பூலப் பை, திருவிழா அழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் அச்சடித்துத் தருவேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஃப்ளெக்ஸ் வந்தது. எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. நாம் எழுதுவதை யாராவது படிக்கிறார்களா?

சந்தேகத்துக்குக் காரணம் கடைக்கு எதிர்ச்சுவர். 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று அதில் நானே என் கையால், சிவப்பில், கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். தெருவின் குப்பை முழுக்க அதன் கீழேதான் கிடந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள்கூட அந்த எழுத்தைப் பார்த்து, குப்பை போடும் இடம் இதுதான் என்று தெரிந்துகொண்டார்கள். மழை பெய்தால் பிளாஸ்டிக் கவர்கள் சாக்கடையை அடைத்துக்கொள்ளும். கறுப்புத் தண்ணீர் கடைக்குள் வரும். வாளியும் துடைப்பமுமாக நின்றுகொண்டு நான் திட்டிய வார்த்தைகளை எந்தச் சுவரிலும் எழுத முடியாது.

அதனால், விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் நான் பிறந்த ஊரின் மாதா கோயில் பங்குத் தந்தை, மாதா திருவிழாவுக்குத் துணிப்பை கொடுக்கலாமா என்று கேட்டபோது எனக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு ஒரு பை, அதைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கடைக்குப் போனால் கவர் வாங்குவது குறையும் என்பது அவர் கணக்கு. அச்சு என்னுடையது. தைக்கிற வேலையை என் நாத்தனாருக்குக் கேட்டு வாங்கினேன்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. புருஷன் இறந்த பிறகு விழுப்புரத்தில் ஒரே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, தையல் மெஷினோடு தனியாக இருந்தாள். பிளவுஸ் தைத்து வருவது வாடகைக்கே இழுபறி. என் வீட்டுக்காரர் காணை வழியாகப் போகும் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தங்கை தனியாக இருப்பது அவருக்குத் தொண்டையில் முள். "பேசாம திண்டிவனம் வந்துடு. மூணு வேளையும் சாப்டுக்கினு எங்களோட இரு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவளுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "அண்ணன் தங்கமான மனுஷன்தான் அண்ணி. ஆனா அங்க வந்தா நான் இன்னா கொழம்பு வெக்கறதுன்னுகூட உங்களக் கேட்டுத்தான் வெக்கணும். நீங்களும் என்னைக் கேட்டுக்கினு நிப்பீங்க. ரெண்டு பேருக்கும் பேஜாரு."

என்னைவிட என் சமையலறையைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. இவள் இந்த அறையை விட்டுக் கிளம்பும்படி ஆகவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

ஃபாதரிடம் பேசினேன். அவர் நல்லவர், ஆனால் கறார். "ஜனங்க அந்தப் பையத் தூக்கிக்கினு போறத நான் கண்ணால பாக்கணும்மா. பாத்தேன்னா கிறிஸ்துமஸ், பொங்கல், அடுத்த திருவிழா எல்லாத்துக்கும் உங்க நாத்தனாரே தைக்கட்டும். பக்கத்துப் பங்குலயும் சொல்லிவிடறேன். சும்மா மூலையில கெடந்துச்சுன்னா, அதோட நிறுத்திப்போம்."

ஆக, அவள் விழுப்புரத்தில் இருப்பாளா, எங்கள் வீட்டுக்கு வருவாளா என்பது ஊர் ஜனங்கள் பையைத் தூக்குவதில் வந்து நின்றது.

கோயில் காரியங்களை நடத்தும் பங்குப் பேரவை கூடியது. பையில் என்ன போடுவது என்று ஒரு மாலை முழுக்கப் பேச்சு. மஞ்சள் துணி என்றார்கள். நடுவில் மாதா படம் என்றார்கள். சுற்றிலும் பூ வளையம், மேலே பங்கின் பெயர், கீழே 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம், பூமியைக் காப்போம்'. எனக்கும் அது நல்லதாகவே பட்டது. மாதாவின் நீல அங்கிக்குத் தனியாக ஒரு நீலம் கலக்கி, முகத்தில் துளி மை பிசகாமல் அச்சடித்தேன். பையின் காதைப் பிடித்து இழுத்தாலும் பிய்யாதபடி நாத்தனார் இரட்டைத் தையல் போட்டாள். திருவிழா அன்று தேர் பவனி முடிந்து வீட்டுக்கு ஒரு பையாகக் கொடுத்தோம். வாங்கியவர்கள் எல்லாரும் மாதா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கண்ணில் ஒற்றுவதிலேயே வில்லங்கம் இருந்தது என்று அப்போது உறைக்கவில்லை.

அடுத்த சில வாரங்கள் என் வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து செய்தி கொண்டுவந்தார். "உன் பை ஒண்ணுகூடக் கண்ல படல. எல்லாம் கவரத்தான் தொங்க வுட்டுக்கினு ஏறுதுங்க."

"நீங்க தங்கச்சியக் கூட்டியாரணும்னு கண்ண மூடிக்கினு டிக்கெட் கிழிக்கறீங்க" என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேணும்னா நீயே வந்து பாரு" என்றார்.

போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் மீன் வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸில் ஊர் திரும்பும் நேரம். காணை, கெடார் பக்கத்து ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். மஞ்சள் பை ஒன்றுகூட இல்லை. எல்லார் விரலிலும் கவர்தான் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் எனக்குப் பழக்கமான ஓர் அக்காவும் அங்கே கவரோடு நின்றார். விடுவேனா? கூடவே அவர் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் மாதா சுரூபம் வைத்திருக்கும் மாடத்துக்குக் கீழே, ஓர் ஆணியில், மஞ்சள் பை மாட்டியிருந்தது. உள்ளே ஜெபப் புத்தகம், ஜெபமாலை, குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலைச் சிலுவை. பைக்கு ஒரு முழம் மல்லிகைப் பூவும் சாத்தியிருந்தது.

"ஏங்க்கா, இத எடுத்துக்கினு மீனு வாங்கப் போவக்கூடாதா?" என்றேன்.

அவர் பதறிப் போனார். "அய்யய்யோ, இன்னா பேசற நீ! மாதா மூஞ்சி மேல மீன் தண்ணி வடியறதா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை, முருகரைக் கும்பிடும் விவசாயக் குடும்பம். அவர்களுக்கும் ஒரு பை போயிருந்தது. அந்த அம்மாள் சுவருக்கு அப்பாலிருந்தே சொன்னார்: "எங்க வூட்லயும் மயிலம் முருகர் படத்தாண்டதாங்க மாட்டி வச்சிருக்கோம். சாமி படத்த போட்டுட்டு அதுல இன்னாத்த வாங்கறது? கற்பூரம்தான் வாங்கணும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஊரே என் பையை இவ்வளவு மரியாதையாக வைத்திருந்தது. அந்த மரியாதைதான் என் நாத்தனாரின் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக முருகர், மாதா, பிறை என்று டைல்ஸ் பதித்திருந்தார்கள். எதற்கென்று எல்லாருக்கும் தெரியும், ஆண்கள் அங்கே நின்று ஒண்ணுக்குப் போகாமல் இருக்க. அந்தச் சுவர் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. என் எதிர்ச்சுவரில் எழுத்து செய்யாததை இங்கே படம் செய்திருந்தது. சாமி படம் போட்டால் கை பின்வாங்கும். பின்வாங்க வைப்பதற்கு அது நல்ல வழி. நாங்களோ கையை நீட்ட வேண்டிய இடத்தில் கொண்டுபோய் அதைப் போட்டிருக்கிறோம்.

அன்றே நாத்தனாரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள். பிறகு, "அப்போ நான் மூட்ட கட்ட வேண்டியதுதானா அண்ணி?" என்றாள்.

"மூட்டையும் கட்ட வேணாம், ஒண்ணும் வேணாம். கவிச்சிக்குன்னு ஒரு பை தைப்போம்."

எங்கள் பக்கத்து வீடுகளில் மீன், கறி ஆக்கும் கவிச்சிப் பாத்திரம் தனி, காய்கறிப் பாத்திரம் தனி. பைக்கு மட்டும் ஏன் அந்த வழக்கம் இல்லாமல் போனது? கவர் வந்த பிறகு தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆகவே இரண்டு பை, ஜோடியாக. ஒன்று புளி நிறத்தில், கறை தெரியாத கனத்த துணி. மீன் தண்ணீர் ஒழுகாமல் இருக்க உள்ளே ஓர் எவர்சில்வர் டப்பா உட்காரும்படி அடிப்பக்கம் அகலம். அதில் பெரிதாக, மீசையோடு ஒரு கெளுத்தி மீன். இன்னொன்று பச்சை, அதில் ஒரு கத்திரிக்காய். மீசையை மட்டும் நான் மறுபடி மறுபடி வரைந்தேன், மீன் கொஞ்சம் திமிராக இருக்க வேண்டும் என்று. ஓர் எழுத்துகூடப் போடவில்லை. எழுத்தால் சாப்பிடுகிறவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் புரியாது.

பேரவையில் ஒரே கூச்சல். "மாதா இல்லாம அது இன்னா கோயில் பை?" என்றார் ஒருவர். "பங்கு பேராவது போடுங்க" என்றார் இன்னொருவர். எனக்கும் குரல் ஏறிவிட்டது. "பேரு போட்டீங்கன்னா அதையும் ஆணியில மாட்டிப் பூ வைப்பாங்க. மாதாவுக்கு இது நிஜமாவே கோயில் காரியம்னு தெரியும், நாம எழுதிக் காட்ட வேணாம்" என்றேன். டைல்ஸ் சுவரைப் பற்றியும் சொன்னேன். ஃபாதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சரிம்மா, கிறிஸ்துமஸ்ஸுக்கு ஒரு தடவை பாத்துடுவோம். அப்பறம் என்னைக் கேக்கக்கூடாது" என்றார்.

நாத்தனார் இரவு பகல் பாராமல் தைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பாகவே ஜோடி ஜோடியாகக் கொடுத்தோம். இந்த முறை யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. மீனைப் பார்த்துச் சிரித்தார்கள். "மீசையப் பாரு, நம்ம மாமா மாதிரியே கீது" என்று ஒரு பெண் சொன்னதும் கோயில் வாசலே சிரித்தது. நான் மட்டும் சிரிக்காமல், பைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் செய்தி என் வீட்டுக்காரரிடமிருந்துதான் வந்தது, அதுவும் புகாராக. "இன்னா பை தச்சிக் குடுத்தீங்க ரெண்டு பேரும்? பஸ்ஸு பூரா கவிச்சி நாத்தம். கீழ வையின்னா, டப்பா இருக்குது ஒழுவாதுன்னு சட்டம் பேசுதுங்க." சொல்லிவிட்டு, தான் எதைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து என்னையே பார்த்தார். நான் அவருக்கு இன்னொரு தோசை வைத்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் கறிக்கடை வரிசை முழுக்கக் கெளுத்தி மீன் ஆடிக்கொண்டு நின்றதாம். ஃபாதரே அந்த வழியாக சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் நினைக்காத ஒன்றும் நடந்தது. மீன் பை வந்த பிறகு கத்திரிக்காய்ப் பை சுத்தமான பை ஆகிவிட்டது. முருகரைக் கும்பிடுகிற வீடுகளில் வெள்ளிக்கிழமை காய்க்கும் பூவுக்கும் அதைத்தான் எடுத்தார்கள். தங்களுக்கும் ஜோடி வேண்டும் என்று கிடைக்காத வீடுகளிலிருந்து நாத்தனாரின் அறைக்கே ஆள் வந்தது. பொங்கலுக்கும் அவள்தான் தைத்தாள். பிறகு பக்கத்துப் பங்கு, அதற்குப் பிறகு வேறு ஊர்கள். ஊரில் பிளாஸ்டிக் ஒழிந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மழைக்கு என் கடைவாசலில் இன்னமும் தண்ணீர் நிற்கிறது. மீன் வாங்குகிற கவர் மட்டும் அந்த ஊர்களில் நிஜமாகவே குறைந்தது.

பொங்கல் முடிந்த ஞாயிறு, நாத்தனார் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தங்கையைப் பார்க்கப் போனால் என் வீட்டுக்காரர் அரிசியோ, பருப்போ, நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ எதையாவது தூக்கிக்கொண்டுதான் போவார். அன்றைக்கு டூட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வந்ததில் கையில் ஒன்றுமே இல்லை. வாசலில் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. படி ஏறாமல் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது.

"ஒண்ணுமே வாங்கியாரலியேம்மா. செத்த இரு, கடை வரைக்கும் போயிட்டு ஓடியாந்துடறேன்" என்றார்.

அவள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"வெறுங்கையோடவே வாண்ணா. இன்னிக்குத்தான் என் வூட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கற."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து உள்ளே போனார்.