விரலைத் தூக்கும் மனிதர்

ஏன்டி, இதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் உனக்குச் சோறு இறங்காதோ? சரி, கேள்.

சமையலைப் பற்றி என்னிடம் ஒரு பாட்காஸ்ட் பேட்டி. ஒலிப்பதிவு செய்தவர் சென்னையில் இருந்தார். நான் காரைக்குடியில், லேப்டாப் முன்னால். திரையில் அவர் ஒல்லியான ஆள், தலையைவிடப் பெரிய ஹெட்போன். வேண்டாத சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலைத் தூக்குவார். சத்தம் சுத்தமாக இல்லையென்றால் பேட்டி வெளியே வராதாம். நானோ தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

குரல் மட்டும்தான் வரும் என்று தெரியாமல் பட்டுச்சேலையும் கை நிறைய வளையலுமாக உட்கார்ந்திருந்தேன். முதல் விரலுக்கு, எதிரொலிக்கும் கூடத்தை விட்டு, கல்யாண விருந்தாளிகளுக்கான மெத்தைகள் அடுக்கிய அறைக்குப் போனேன். அடுத்த விரலுக்கு வளையல் போனது. மூன்றாவதற்குப் பட்டு போய்ப் பழைய நூல்சேலை வந்தது.

"பல்செட்டுதான் பாக்கி தம்பி, அதையும் கழட்டிரவா?"

"வேணாம் ஆச்சி, நீங்க பேசுங்க."

பேசி முடித்ததும், "ஒரு நிமிஷம் பேசாம இருங்க ஆச்சி. வெட்டி ஒட்டுறப்போ நடுவுல வைக்க, அந்த ரூமோட அமைதியும் வேணும்" என்றார்.

வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கண்ணை மூடினார். விரல் எழவே இல்லை.

"பிரமாதம் ஆச்சி!"

நான் பேசியபோது அந்த வார்த்தை வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அப்படி என்னதான் கேட்டாரோ!

"பேட்டி எப்படி ஆச்சி, நல்லா பேசுனீகளா?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் வந்தார்கள்.

"பேசாம இருந்ததுதான் பிரமாதமாம். எங்க வீட்டுல சொல்லிராதீக, தினமும் பிரமாதமா இருக்கச் சொல்லிருவாக" என்றேன்.