அப்பாவை மடக்கிய போலீஸ்காரர்

நாற்பதுகளின் கடைசி. மதுவிலக்கு வந்த புதிது. மயிலாப்பூரிலிருந்து சாந்தோமுக்குப் போகும் தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது.

என் அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். அவருக்கு நடுக்குவாதம். கை ஆடும், பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிடும். நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று தரையில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். பெரிய டாக்டரும் கையை விரித்துவிட்டார். பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பயந்து பல மாதமாக மாதா கோவிலுக்கே போகாமல் இருந்தவரை, அன்று நான்தான் பிடிவாதமாகப் பூசைக்குக் கிளப்பினேன். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதே, இருவரும் வெறும் வயிறு.

பாதி வழியில் அப்பா தள்ளாடி நின்றார். எதிரே ஒரு போலீஸ்காரர்.

"இன்னா பெரியவரே, காலங்காத்தாலயே ஊத்திக்கினியா? நட ஸ்டேசனுக்கு."

அப்பா ஏதோ சொன்னார், குழறலாகத்தான் வந்தது. அது போதாதா? பூசைக்குப் போகிற ஜனங்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவின் கண்ணில் தண்ணீர். இனி இந்த மனிதர் வாசற்படி தாண்டமாட்டார் என்று நினைத்தேன்.

வந்ததே கோபம்! "வாயை ஊதச் சொல்லிப் பாருங்க. நன்மை வாங்கப் போறவரு, பச்சத் தண்ணிகூட பல்லுல படல. இது வியாதி" என்றேன்.

அவர் மோந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "தப்பா நெனச்சுக்காத நைனா" என்று அப்பாவின் கையைப் பிடித்து நடத்தப் பார்த்தார். கால் அசையவில்லை. நான் இழுத்தும் அசையவில்லை. கோவில் மணி வேறு அடித்துவிட்டது. பதற்றத்தில் மனுஷர், பரேடு மைதானத்தில் கத்துவதுபோல் "லெப்ட்! ரைட்!" என்று ஒரு அதட்டல் போட்டாரே பார்க்கலாம்! அப்பாவின் இடது கால் எழும்பியது. பின்னாலேயே வலது கால். கோவில் வாசல்வரை அவர் சொல்லிக்கொண்டே வர, அப்பா ஜோராக நடந்தார்.

வாசலில் நின்று அப்பா மெல்லச் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது: "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்." போலீஸ்காரர் சிரித்துவிட்டார்.

அப்புறம் எங்கள் வீட்டில் அம்மாதான் பரேடு. அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். அப்பா சாப்பிட வந்துவிடுவார். வியாதி போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மறுபடியும் நடந்தே போக ஆரம்பித்தார்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. எதற்காவது மனசு மலைத்து நின்றால், யார் காதிலும் விழாமல் "லெப்ட்" என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு கால் எழும்பினால் போதும், அடுத்தது தானே வரும் என்பதை அப்பா அந்தத் தெருவில் எனக்கு நடந்து காட்டியிருக்கிறார்.