இரண்டு காதையும் அடைத்துப் படித்தேன்

இயர்ஃபோன் மாட்டிப் படிக்கும் பிள்ளைகளைக் கண்டால் ஒரு காதையாவது திறந்து வைக்கச் சொல்லுவேன்.

யுத்த காலத்தில் நானும் அம்மாவும் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே குடியிருந்தோம். வெளிநாட்டுப் படிப்புக்காக ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். கேட்டு விளங்கி விடை எழுதும் பகுதிதான் எனக்குக் கஷ்டம். பயிற்சிக் கசெற்றைப் போட்டால் போதும், குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் அம்மா எதற்காவது கூப்பிடுவார்.

ஒருநாள், "சாந்தி வீட்டை போறன் அம்மா" என்று கூடப் படிக்கும் சாந்தியின் பெயரில் பொய் சொல்லிவிட்டு, பின்பக்கச் சாமான் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வோக்மனில் கசெற்றைப் போட்டு, இயர்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டினேன். இடையில் நிலம் அதிர்ந்தது. கடற்படையின் பயிற்சி வேட்டு வழக்கமானதுதானே என்று சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

கசெற் முடிந்து வெளியே வந்தால் வீட்டில் அம்மா இல்லை. முற்றத்துப் பதுங்குகுழிக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு மாமி கத்தினார்:

"ஷெல் விழுகுது! நீ இஞ்சயே இருந்தனீ? உன்னைத் தேடியெல்லோ அம்மா சாந்தி வீட்டை ஓடினவ!"

மாமி என்னை உள்ளே இழுத்துப்போட்டார். வெளியே கேட்ட ஒவ்வொரு சத்தமும் அம்மாவின் மேல் விழுவதாகவே இருந்தது.

ஓய்ந்தபின் அம்மா வந்தார். காலில் செருப்பில்லை, கண்ணாடித்துண்டு கிழித்து இரத்தம் வடிந்தது. அவர் ஏசவில்லை.

"அங்கையும் நீ வரேல்லை எண்டு சொல்லிச்சினம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு குசினியிலேயே, சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவில் கசெற்றைப் போட்டுப் படித்தேன். இரைச்சலுக்குக் காது பழகியதால் பரீட்சையில் அந்தக் கேட்டல் பகுதிக்குத்தான் அதிகப் புள்ளி கிடைத்தது. அதை அம்மாவிடம் சொன்னபோது அவருடைய காலைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இன்றுவரை, எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்கிறேனோ, அங்கேதான் இருப்பேன்.